இடி உலக்கையும் கீரைக்கட்டும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை ஏழு என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு நொடி சும்மா இருப்பாள். ஏழாவதாகப் பிறந்தவளும் இல்லை, ஏழு பிள்ளை பெற்றவளும் இல்லை. கைப்பேசி விளையாட்டு ஒன்றில் ஆறு வருடமாக ஏழாம் நிலையிலேயே நிற்கிறாள். அவ்வளவுதான் காரணம்.

அவளோடு சேர்ந்து ஆட வந்தவர்கள் எழுபது, எண்பது என்று ஏறிப்போய், பறக்கும் குதிரை வாங்கி, மாளிகை கட்டி, கடைசியில் அலுத்துப்போய் விளையாட்டையே விட்டுவிட்டார்கள். இவள் ஒரு கம்பும் சாக்குச் சட்டையுமாக முதல் வாசலிலேயே இருக்கிறாள். அந்த வாசலில் நின்று, புதிதாக வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் கிணறு, எந்தப் பக்கம் பாம்பு என்று காட்டிக்கொடுப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஏழில் நிற்பது லேசான காரியம் இல்லை. அந்த விளையாட்டில் எதைச் செய்தாலும் அனுபவம் ஏறும். கிணற்றில் தண்ணீர் இறைத்தால் ஏறும். பாம்பை அடித்தால் ஏறும். தெரியாத்தனமாக ஒரு முயலை மிதித்துவிட்டால்கூட ஒரு புள்ளி ஏறும். வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது. புள்ளி நிறைந்தால் அடுத்த நிலைக்குத் தள்ளிவிடும்; எட்டு ஆகிவிட்டால் வாசல் இருக்கிற முதல் வளையத்தில் நிற்க விடாது, இரண்டாம் வளையத்துக்குப் போய்விட வேண்டும். இறங்கி வரவும் முடியாது. செத்தால் மட்டும் கொஞ்சம் அனுபவம் குறையும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை, புள்ளி நிறையப் போகிற நேரம் பார்த்து, அவள் மலையிலிருந்து குதித்துச் சாவாள். முயல்களைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவாள்.

“முன்னேறக் கூடாதுன்னு இவ்வளவு பாடுபடறவளை நான் பார்த்ததே இல்லை” என்பார் சலவைக்கூடத்துப் பாய்லர் அண்ணன்.

“முன்னேறினவங்களைப் பார்த்துட்டுத்தானே அண்ணே இப்படி நிக்கிறேன்” என்பாள்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், ஜன்னல் உயரத்தில் வெளித் தரை இருக்கிற பள்ளமான அறை. மூன்று பெரிய துவைக்கும் எந்திரங்கள். ஒரு உலர்த்தி. நீராவியில் அழுத்துகிற பிரஸ் மெஷின் ஒன்று. டாக்டர்களின் அங்கிகளை ஏழு தேய்ப்பது அதில்தான். அவளுக்கு எதிரே நீள மேசையில் படுக்கை விரிப்புகளை மடிப்பவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இருக்கிற மூன்றை வைத்து மற்றவர்களின் பத்தை விட வேகமாக மடிப்பாள். மூலையில் நீராவி கொடுக்கிறவர் பாய்லர் அண்ணன். காலை முதல் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். பேச்சிலும் அவசரம் இருக்காது.

கடைசிச் சுமையை எந்திரத்துக்குள் போட்டுக் கதவைச் சாத்தினால் நாற்பது நிமிடம் அது திறக்காது. அதட்டினாலும் திறக்காது, அழுதாலும் திறக்காது. அந்த நாற்பது நிமிடம்தான் மூன்று பேரும் ஆடுகிற நேரம்.

இந்த இடத்துக்கு ஒரு தையல்காரி புதிதாக வேலைக்கு வந்தாள். கிழிந்த விரிப்புகளை ஒட்டுப் போடுகிறவள். வந்து ஒரு மாதம் ஆகியும் யாரிடமும் நாலு வார்த்தை பேசவில்லை. வீட்டில் என்ன கஷ்டமோ, முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டே தைத்தாள். ஏழுதான் விடாமல் போய்ப் பேசி, அவள் கைப்பேசியை வாங்கி, விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

“உள்ள போ. வாசல்லயே ஒரு கீரைக்கட்டு குடுப்பாங்க. அதை வாங்கிட்டு அப்படியே நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

டாக்டர் அங்கி ஒன்றில் மைக்கறை. அதைப் பார்த்துவிட்டு வர ஏழுக்குக் கால் மணி ஆனது. திரும்பி வந்தபோது தையல்காரி கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“என்ன, பிடிக்கலையா?”

“பதினேழு தடவை செத்துட்டேன்க்கா.”

“பதினேழா? வாசல்லயேவா?”

“கண்ணைத் திறக்கறேன், மண்டையில விழுது. திறக்கறேன், விழுது. யாருன்னு பார்க்கக்கூட விடலை.” தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள். “நிஜத்துலயே இது போதும்க்கா. போன்லயும் எதுக்கு?”

விளையாட்டை அப்போதே அழித்துவிட்டாள். அந்த வார்த்தை ஏழுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தைத்ததற்குக் காரணம், அடித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கொழுந்தன்.

கணவனின் தம்பி. இரண்டு தெரு தள்ளி கைப்பேசி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். நல்லவன்தான். வீட்டில் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலே வந்து நிற்பான். ஆனால் விளையாட்டில் எண்பதாம் நிலை. எண்பதில் ஆடி அலுத்தபோது புதிதாக ஒரு சின்ன ஆளைத் தொடங்கி, அதை ஏழாம் நிலை வரை ஏற்றி நிறுத்தி, எண்பதில் சம்பாதித்ததையெல்லாம் அதற்கு மாட்டிவிட்டான். வைரக் கவசம். காற்றுச் செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, இடி உலக்கை. ஒருமுறை இடித்தால் சுற்றிப் பத்தடிக்குள் உயிரோடு எதுவும் மிஞ்சாது. கடையில் இருக்கும் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் அதேபோல ஆளுக்கொரு உலக்கை. மூன்றும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் ஏழரை.

“அண்ணி ஏழு. நாங்க அதுக்கு மேல அரை” என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பான்.

“பேரு பொருத்தமாத்தான் இருக்கு. பிடிச்சா விடாது” என்றான் கணவன். அவன் லேத் பட்டறைக்காரன். விளையாட மாட்டான், வேடிக்கை மட்டும் பார்ப்பான்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் சாப்பிட வந்தான். ஏழு தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றவில்லை.

“தம்பி, இன்னிக்கு மதியம் வாசல்ல ஒரு பொண்ணைப் பதினேழு தடவை அடிச்சியா?”

“எண்ணலை அண்ணி.”

“அவ எண்ணியிருக்கா.”

“விளையாட்டுத்தானே. ஏன், சட்டத்துல தப்பு ஒண்ணும் இல்லையே. அந்த உலக்கைக்கு நான் மூணு வருஷம் உழைச்சிருக்கேன். நான் சம்பாதிச்சதை என் குட்டிக்கு நான் குடுக்கறேன். அப்பன் சொத்து பிள்ளைக்குப் போறதில்லையா?”

“அப்பன் சொத்துல வீடு கட்டு, வேணாங்கலை. அடுத்த வீட்டுப் பிள்ளை மண்டையை எதுக்கு உடைக்கிற?”

கணவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, “பதில் சொல்லுடா, குழம்பு காத்துக்கிட்டிருக்கு” என்றான்.

கொழுந்தன் விடவில்லை. “சரி, உங்க மடிப்பக்கா போட்டிருக்காங்களே ஒரு ஆமை ஓட்டுக் கவசம், அது யாரு குடுத்தது? கப்பல்ல வேலை பார்க்கிற அவங்க தம்பி குடுத்தது. அதுவும் அம்பதாம் நிலைப் பொருள். அவங்க போட்டா பாசம், நாங்க போட்டா பாவமா?”

ஏழு கரண்டியை எடுத்தாள். குழம்பை ஊற்றினாள்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மடிப்பக்காவுக்கு மூன்று விரலில் ஆட வராது. திரையில் ஒன்றை அழுத்துவதற்குள் நாலு அடி விழுந்துவிடும். அந்தக் கவசம் இல்லையென்றால் அவளும் தையல்காரி மாதிரி முதல் நாளே போயிருப்பாள். அதைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது? கழற்றச் சொல்லவில்லை என்றால் உலக்கையைக் கீழே போடு என்று எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் இதே யோசனை. மூன்றாம் நாள் பிரஸ் மெஷினில் அங்கியை விரித்தபோது விடை காலடியிலேயே கிடந்தது.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சூடு தாங்கும் கையுறையை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். உன்னது, என்னது என்று கிடையாது. ஆணியில் தொங்கும், எடுத்துக்கொள்வதுதான். ஆனால் பிரஸ்ஸின் மிதியை மட்டும் துணி விரிக்கிற ஆளின் கால்தான் மிதிக்க வேண்டும். உதவிக்குக்கூட வேறொருவர் மிதிக்கக் கூடாது. மிதித்தால் மேல்தட்டு இறங்கும். கை எங்கே இருக்கிறதென்று கைக்கு உரியவருக்குத்தான் தெரியும். பல வருடத்துக்கு முன்னால் அவசரத்தில் வேறொருவர் மிதித்ததில் போனவைதான் மடிப்பக்காவின் இரண்டு விரல்கள்.

ஏழு காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, கையுறையை இரவல் வாங்கலாம். மிதியை வாங்கக் கூடாது.”

“இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா?” என்றாள் மடிப்பக்கா, மடிப்பதை நிறுத்தாமல்.

“இங்க இல்லக்கா. அங்க.”

மடிப்பக்கா விரிப்பைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். “இதைப் பலகையில எழுது” என்றாள்.

பலகை என்பது அந்த விளையாட்டின் வாசலில் நிற்கும் மரப்பலகை. வருடத்துக்கு ஒருமுறை முதல் வளையத்தில் போட்டி நடக்கும். ஏழாம் நிலை வரை உள்ளவர்கள் மட்டும், மூன்று மூன்று பேராக ஆடலாம். ஜெயித்த அணி வாசலுக்கு ஒரு சட்டம் எழுதலாம், பத்துச் சொல்லுக்குள். ஒரு வருடத்துக்கு அது நடைமுறை; மீறினால் விளையாட்டே உள்ளே விடாது. இரண்டு வருடமாக ஜெயித்தது ஏழரை. அவர்கள் எழுதி வைத்திருந்தது: வல்லவன் வகுத்ததே வாசல்.

ஏழு, மடிப்பக்கா, பாய்லர் அண்ணன் மூவரும் பெயர் கொடுத்தார்கள். அணிக்குப் பெயர் கேட்டது. பாய்லர் அண்ணன் யோசித்து, “வெளுப்பு” என்றார்.

“வெளுத்து வாங்கப் போறோமா, அண்ணே?”

“வாங்கத்தான் போறோம். வெளுப்பாங்க” என்றார்.

ஏழரைக்குப் பயந்து பாதி அணிகள் பெயரையே எடுத்துவிட்டன. முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் கிணற்றில் விழுந்தான். அரையிறுதிக்கு எதிரணியே வரவில்லை. வெளுப்பு இறுதி ஆட்டத்துக்கு நடந்தே வந்துவிட்டது.

இறுதிக்கு மூன்று நாள் முன்னால் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். கையில் கைப்பேசி.

“அண்ணி, பேசாம ஒரு உலக்கையை வாங்கிக்குங்க. என்கிட்ட உபரியா ஒண்ணு கிடக்கு. சரிக்குச் சரி மோதலாம். கம்பை வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா எனக்குத்தான் அசிங்கம், அண்ணியை அடிச்சான்னு.”

மனப்பூர்வமாகத்தான் கேட்டான். அவளுக்குக் கை ஒரு நொடி நீண்டது என்றே சொல்ல வேண்டும். ஒரே ஒரு உலக்கை. சட்டம் எழுதி முடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். பிறகு, பதினேழு தடவை என்ற குரல் காதில் கேட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் தம்பி. எனக்குக் கம்புதான் பழக்கம். உன் கம்பு என்னாச்சு?”

“அதையெல்லாம் எப்பவோ வித்தாச்சு. உலக்கை இருக்கறப்ப கம்பு எதுக்கு?”

“சரிதான்.”

“இன்னொண்ணு தெரியுமா அண்ணி? எங்க மூணு பேருக்கும் ஏழாம் நிலை கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கு. நிரம்ப நிரம்ப உடம்புல பலம் கூடும். எனக்கு இன்னும் பன்னிரண்டே புள்ளி வந்தா எட்டு. விளிம்புல நிறுத்தி வச்சிருக்கேன். அவனுங்களுக்கு இருபதுக்குள்ள. அப்படி ஒரு கணக்கு!”

“வளையத்துக்குள்ள எங்களை அடிச்சா புள்ளி ஏறிடுமே?”

“ஏறாது. வாசல்லயும் சரி, போட்டியிலயும் சரி, ஆளை அடிச்சா அனுபவம் கிடையாது. அதெல்லாம் பார்க்காமலா வருவோம்?”

ஏழு அடுப்பின் பக்கம் திரும்பினாள். அடுப்பை அணைத்தாள். ஆளை அடித்தால்தான் கிடையாது. முதல் வளையத்துப் புல்லில் வெறும் அழகுக்காக மேய்ந்துகொண்டிருக்கும் முயல்கள் போட்டியில் சேர்ந்த ஆட்கள் இல்லை. ஆறு வருடம் அவற்றுக்கு வழிவிட்டே நடந்தவளுக்கு அது தெரியும். உலக்கையோடு நடக்கிறவன் முயலைக் கவனித்திருக்க மாட்டான்.

முயலுக்கு எது பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். வாசலில் புதியவர்களுக்குக் கொடுக்கிற கீரைக்கட்டு. தின்றால் இரண்டே துளி உயிர் ஏறும் என்று எல்லோரும் வாங்கின இடத்திலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். ஏழு பொறுக்கி வைப்பாள், யாராவது பசித்து வந்தால் ஆகுமே என்று. ஆறு வருடச் சேமிப்பு மூட்டையாகக் கிடந்தது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. கடைசிச் சுமையைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். எந்திரம் நாற்பது என்று காட்டியது. ஆட்டம் இருபது நிமிடம். வளையத்தின் நடுவில் ஒரு தூண். நேரம் முடியும்போது தூணடியில் எந்த அணிக்கு ஆள் அதிகமோ அதற்கு வெற்றி. செத்தவர் ஒரு நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து திரும்ப வரலாம். செத்தவர் மடியில் இருப்பது செத்த இடத்திலேயே சிந்தும்.

தையல்காரி தன் மேசையை விட்டு எழுந்து வரவில்லை. ஆனால் தையல் எந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது.

கைப்பேசியில் எதிரணியின் குரல் கேட்டது. கடையில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணி, மடியில என்ன, மூட்டை மூட்டையா?”

“கீரை.”

“சமைக்க வந்தீங்களா?”

“ஆமா, நீ பசியோட இருப்பியேன்னு.”

வெளுப்பு அணி மூவரும் தூணை நோக்கி நேராக நடந்தார்கள். ஓடவில்லை, ஒளியவில்லை. உலக்கை இறங்கியது. பாய்லர் அண்ணன் செத்தார். ஏழு செத்தாள். மடிப்பக்காவின் ஆமைக் கவசம் முதல் இடியைத் தாங்கியது. அந்த ஒரு மூச்சில் அவள் தூணுக்கே போய்விட்டாள். இரண்டாவது இடியில் அங்கே செத்தாள். மூன்று மூட்டைக் கீரையும் தூணைச் சுற்றிச் சிந்தியது.

ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வந்தார்கள். ஓரத்தில் குவித்து வைத்திருந்ததிலிருந்து திரும்பவும் மடி நிறையக் கீரை. திரும்பவும் நேராக நடந்து செத்தார்கள்.

“என்ன அண்ணி இது, எங்களுக்கே பாவமா இருக்கு!”

“நீ அடி தம்பி. சும்மா அடி.”

மூன்றாவது தடவை செத்துக் கிடந்தபோது, திரையின் ஓரத்தில் முதல் முயல் காதைத் தூக்கியது. பின்னால் இரண்டு. அப்புறம் ஐந்தாறு. புல்வெளி முழுக்க இருந்த முயல்கள் தூணை நோக்கித் தத்தித் தத்தி வந்தன. பாய்லர் அண்ணன் முள்ளைப் பார்க்கிற மாதிரியே நிதானமாகப் பார்த்தார்.

“அழுத்தம் ஏறுது” என்றார்.

நான்காவது தடவை மூவரும் நடந்தார்கள். கூட்டாளி ஒருவன் உலக்கையை ஓங்கி இடித்தான். பத்தடிக்குள் இருந்த ஏழு செத்தாள். அவளோடு இருபது முயல்களும் செத்தன.

திடீரென்று எக்காளம் ஒலித்தது. வானத்திலிருந்து பூ கொட்டியது. தங்க எழுத்தில் ஒரு வாழ்த்து விரிந்தது: தாங்கள் எட்டாம் நிலை அடைந்தீர்கள்! கூட்டாளி நின்ற இடத்தில் தரை திறந்தது. ஆள் இல்லை.

“டேய், எங்கடா போன?”

“இரண்டாம் வளையத்துல நிக்கிறேன்டா. உள்ள விட மாட்டேங்குது!”

“ஏன்டா?”

அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இன்னொரு எக்காளம். மிச்ச முயல்கள் நடுவில் இடித்துவிட்ட இரண்டாவது கூட்டாளிக்கும் பூ கொட்டியது.

 பிறகு கொழுந்தனின் குரல், மெதுவாக: “முயலு…”

“வாழ்த்துகள் தம்பி” என்றாள் ஏழு. “உனக்கு இன்னும் எத்தனை பாக்கி?”

அவன் உலக்கையை ஓங்கின நிலையில் அப்படியே நின்றான். காலைச் சுற்றி முயல்கள் கீரை தின்றன. இறக்கினால் எட்டு. இறக்காவிட்டால் கையில் வேறு ஒன்றும் இல்லை. கம்பை எப்போதோ விற்றாகிவிட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையைப் பழமொழியில் கேட்டிருப்பான். உடுத்திப் பார்ப்பது இன்றைக்குத்தான்.

மூவரும் எழுந்து வந்து அவனைச் சூழ்ந்தார்கள். கம்பால் தட்டினார்கள். வைரக் கவசத்தில் அது தூசி தட்டுகிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் தட்டினார்கள். டொக், டொக், டொக்.

“அண்ணி, வேணாம், எரிச்சலா இருக்கு.”

“வலிக்குதா?”

“வலிக்கலை. எரிச்சலா இருக்கு!”

“பதினேழு தடவைதான் தம்பி. எண்ணிக்க.”

அவன் முயல் இல்லாத பக்கம் ஓடப் பார்த்தான். காற்றுச் செருப்பு; அம்பு மாதிரி போனான். ஆனால் தூணை விட்டுப் போனால் தூண் அவர்களுக்கு. திரும்பி வந்தான். பாய்லர் அண்ணன், செருப்பின் மேலேயே ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டு நகர்ந்தார். மடிப்பக்கா மூன்று விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“இது யாரு அடிச்சது?” என்றான் கொழுந்தன்.

“நான்தான். இரவல் கவசம், சொந்தக் கம்பு” என்றாள் மடிப்பக்கா.

மூன்று வருடமாக எரிச்சல் வந்தால் அவன் கட்டைவிரல் செய்து பழகியது ஒன்றே ஒன்று. அதுவாகவே போய் அழுத்திவிட்டது. இடி இறங்கியது. மூவரும் செத்தார்கள். முயல்களும் செத்தன. அதுவரை கேட்டதிலேயே பெரிய எக்காளம் முழங்கியது. கொழுந்தன் தலையில் பூ கூடை கூடையாகக் கொட்டியது.

தரை திறந்து மூடிக்கொண்டது. வளையத்தில் யாரும் இல்லை. ஒரு நிமிடம் கழித்து மூன்று பேர் சாக்குச் சட்டையோடு ஓரத்திலிருந்து எழுந்து, புல்லை மிதித்து, தூணடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சக் கீரையைத் தின்றார்கள்.

“ஏமாத்து!” என்று கைப்பேசி கத்தியது. “இது ஏமாத்து வேலை அண்ணி!”

“என்ன தம்பி ஏமாத்து? நீ உன் குட்டிக்கு உலக்கை குடுத்த. நான் உன் குட்டிக்கு அனுபவம் குடுத்தேன். சின்னவங்களுக்குப் பெரிசாக் குடுக்கலாம்னு நீதானே சொன்ன?”

கடையில் கூட்டாளிகள் சிரிப்பது கேட்டது. முதலில் ஒருவன், பிறகு இரண்டு பேரும், கடைசியில் அவனும்.

நேரம் முடிந்தது. தூணில் வெளுப்பு என்று எழுத்து எரிந்தது. திரையில் வெற்றுப் பலகை வந்து நின்றது. ஒரு நிமிடத்துக்குள் எழுத வேண்டும். ஏழு விரலைத் திரையில் வைத்துக்கொண்டு மடிப்பக்காவைப் பார்த்தாள். 

“சொன்னதுதானேடி, எழுது” என்றாள் மடிப்பக்கா.

எழுதினாள்: காக்கிறது இரவலாக இருக்கலாம், அடிக்கிறது சொந்தமாக இருக்கணும்.

“சொல்லு எண்ணினியா?” என்று கேட்டார் பாய்லர் அண்ணன்.

“ஆறுதான் அண்ணே. நாலு மிச்சம்.”

“மிச்சம் பிடிக்கிற புத்தி போகுதா பாரு.”

அப்போதுதான் பாய்லர் அண்ணன் சிரித்து எல்லோரும் பார்த்தார்கள். மடிப்பக்கா ஒரு விரிப்பை எடுத்து இரண்டு கையாலும் கொடி மாதிரி வீசினாள். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்ன சத்தம்? யாருக்காவது கை மாட்டிக்கிச்சா?”

“இல்லைங்க” என்றாள் ஏழு. “கழண்டுச்சு.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்திரம் மணி அடித்தது. கதவு திறந்தது. ஈரத்துணிகளை இழுத்துப்போட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் சாப்பிட வந்தான். தட்டைப் பார்த்தான். சோற்றுக்குப் பக்கத்தில் கீரை, மலை மாதிரி.

“ஏன் அண்ணி, ஏன்?”

“பசியோட இருப்பியேன்னு.”

கணவன் புரையேறும் வரை சிரித்தான். கொழுந்தன் கீரையைக் கடைசி இலை வரை தின்றான். தோற்றவன் தின்றது என்று சொல்ல முடியாத அளவுக்கு ருசித்துத்தான் தின்றான்.

திங்கட்கிழமை மதியம் கடைசிச் சுமை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு வாசலில் நின்றாள். பலகை பின்னால் இருந்தது. உலக்கையோடு வந்த ஒருவனை வாசல் தடுத்தது; அவன் சட்டத்தை இரண்டு முறை படித்து, உலக்கையை வைத்துவிட்டு, கம்பு வாங்கப் போனான். அப்பனோ அண்ணனோ கொடுத்த பெரிய தலைக்கவசம் கண்ணை மறைக்க, தட்டுத் தடுமாறி ஒரு சின்ன ஆள் உள்ளே வந்தது. யாரும் அடிக்கவில்லை. கிணற்றுப் பக்கம் போனது.

சலவைக்கூடத்தில் தையல் எந்திரத்தின் சத்தம் நின்றது. ஏழு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தையல்காரி கூச்சப்படுவாள்.

வாசலில் இன்னொரு புதிய ஆள் கண்ணைத் திறந்தது. சாக்குச் சட்டை. வெறும் கை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு நொடி காத்திருந்தது. எதுவும் விழவில்லை. இன்னும் ஒரு நொடி. விழவில்லை. மெதுவாக நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. கீரைக்கட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டது.

“அக்கா” என்று அறையின் மறுகோடியிலிருந்து தையல்காரியின் குரல் வந்தது. “இதை எறிஞ்சிடணுமா, வச்சுக்கணுமா?”

“வச்சுக்க” என்றாள் ஏழு. “உதவும்.”

காலடியில் ஒரு முயல் வந்தது. வழக்கம்போல ஒதுங்கி வழி விட்டாள்.